கொடி அசைந்த பிறகு எங்கள் பிள்ளை யார் பொறுப்பில்? சைக்கிள் பந்தயப் பிள்ளைகளின் குடும்பத்தார் வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர்கள், காவல் கண்காணிப்பாளர்கள், மாவட்ட விளையாட்டு அலுவலர்கள், மிதிவண்டிக் கழகத்தார், பள்ளித் தலைமையாசிரியர்கள், ஊர்த் திருவிழாவில் சைக்கிள் பந்தயம் நடத்தும் விழாக் குழுவினர் அனைவருக்கும்.



பந்தயத்தில் ஓட்டுவது எங்கள் பிள்ளைகள். நாங்கள் ஓரத்தில் நிற்பவர்கள்: அம்மா, அப்பா, அண்ணன், அக்கா, தாய்மாமன், அப்பத்தா. முதல் நாள் சாயங்காலமே சைக்கிள் கடையில் போய் நிற்போம். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் என்று எடை கூட்டும் எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவோம். வீல் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பெருவிரலால் அமுக்கினாலும் அமுங்காத அளவுக்கு டயருக்குக் காற்றடித்து வைப்போம். விடிவதற்குள் சைக்கிளை டாட்டா ஏஸில் ஏற்றியோ, பைக்கின் பின்னால் உட்கார்ந்து தோளில் மாட்டிக்கொண்டோ மாவட்டத் தலைநகருக்கு வந்துசேர்வோம். கொடி அசையும், கூட்டம் மொத்தமாகக் கிளம்பும். முதல் வளைவைத் தாண்டியதும் பிள்ளை கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் எங்களுக்கு ஒரு தகவலும் கிடையாது. பிள்ளை முன்னால் போகிறதா, பின்தங்கிவிட்டதா, செயின் கழன்று ஓரத்தில் குந்தியிருக்கிறதா, விழுந்து கிடக்கிறதா, எதுவும் தெரியாது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ரோட்டின் முனையையே பார்த்துக்கொண்டு நிற்போம். அந்த நேரத்தில் எங்கள் பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கேட்கத்தான் இந்தச் சாசனத்தை எழுதுகிறோம்.

கேட்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இதைக் காரணம் காட்டிப் பந்தயத்தை யாரும் நிறுத்திவிட வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி, செப்டம்பர் 15ஐ ஒட்டிய நாட்களில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 15 கிலோமீட்டர், மாணவிகளுக்கு 10. 15 வயதுக்குட்பட்டோருக்கும் 17 வயதுக்குட்பட்டோருக்கும் மாணவர் என்றால் 20, மாணவி என்றால் 15. இந்தப் போட்டி எங்களுக்கு உயிர். அதற்குக் காரணம் அதன் விதிகளில் ஒன்று: இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிளாக இருக்க வேண்டும், கியர் சைக்கிள் கூடாது. இந்த ஒரு விதியால்தான் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிற சைக்கிளிலேயே ஒரு பிள்ளை வந்து நிற்க முடிகிறது. பெரிய நகரங்களில் வார இறுதியில் நடக்கும் பந்தயங்களுக்கு லட்ச ரூபாய் சைக்கிளோடு வருகிறவர்கள் வரட்டும், அவர்கள் உழைப்பும் உழைப்புதான். ஆனால் கியர் இல்லாத சாதாரண சைக்கிள் என்ற விதியை எந்தக் காலத்திலும் யாரும் தொடக் கூடாது. இதையும் எங்கள் கோரிக்கைகளில் ஒன்றாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பந்தயத்தோடு முடிவதில்லை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் பொட்டலில் விழுந்து எழுந்து கற்றார்கள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், சில ஆண்டுகளில் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்புக்கு வரும் எல்லாப் பிள்ளைகளுக்குமாக விரிந்தது. அன்றைக்கு அறிவொளியில் கற்றவர்களில் சிலர் இன்றைக்குப் பேத்தியின் பந்தயத்தைப் பார்க்க எங்களோடு நிற்கிறார்கள். சைக்கிளைக் கொடுத்த அரசு, அதை வேகமாக ஓட்டிக் காட்டும் பிள்ளைக்குக் காவலும் கொடுக்க வேண்டும்.

இனி கோரிக்கைகள். முதலாவதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் தாய்.

போட்டி அறிவிப்புகளிலும் நுழைவுப் படிவங்களிலும் வழக்கமாக ஒரு வரி இருக்கிறது. எதிர்பாராத விபத்தோ இழப்போ நேர்ந்தால் பங்கேற்பவரே பொறுப்பு என்ற பொருளில் வரும் வரி. அதற்குக் கீழே பிள்ளையும் நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம், போடாவிட்டால் எண் அட்டை கிடைக்காது. அந்த வரியை நீக்குங்கள். 12 வயதுப் பிள்ளை எதற்குப் பொறுப்பேற்க முடியும்? பாதையைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பிள்ளையா? லாரியை நிறுத்தாமல் விட்டது அந்தப் பிள்ளையா? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 11ஆம் பிரிவில், உரிய வயது அடையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்கிறது. மொஹோரி பீபி வழக்கில் 1903இல் பிரிவி கவுன்சில், அப்படிப்பட்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சட்டம் கைவிட்ட ஒன்றைப் பிள்ளையின் கையெழுத்தோடு கோப்பில் வைத்திருப்பதால் யாருக்கு என்ன பயன்? விழுந்த பிள்ளையின் அப்பா கேள்வி கேட்டு வரும்போது அவர் வாயை அடைக்க மட்டுமே அது உதவுகிறது.

அந்த வரி இருந்த இடத்தில் வேறு இரண்டு வரிகள் வர வேண்டும். ஒன்று, பந்தயப் பாதையில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் போட்டி நடத்துவோரே பொறுப்பு என்பது. அதோடு அன்றைக்குப் பொறுப்பில் இருக்கும் அலுவலரின் பெயரும் பதவியும் கைபேசி எண்ணும் அச்சாகி இருக்க வேண்டும். இன்னொன்று, பங்கேற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்றைய நாளுக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்பது. பிரீமியத்தை நடத்துவோர் கட்ட வேண்டும், பெற்றோரிடம் வசூலிக்கக் கூடாது.

இரண்டாவது கோரிக்கை சாலையைப் பற்றியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் எங்கள் பயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலான பந்தயங்கள் போய்த் திரும்பும் பாதையில் நடக்கின்றன. ஸ்டேடியத்திலிருந்தோ ஆட்சியர் அலுவலக வாசலிலிருந்தோ கிளம்பி, ஒரு நெடுஞ்சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் போய், நடுரோட்டில் வைத்திருக்கும் ஒரு ட்ரம்மைச் சுற்றி அதே வழியில் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் டவுன் பஸ் ஓடும், பால் வண்டி ஓடும், ஷேர் ஆட்டோ ஓடும். முன்னால் போகிற காவல் வண்டி முதல் பத்துப் பேருக்குத்தான் வழி எடுத்துக் கொடுக்கும். அதற்குப் பின்னால் வருகிற ஐம்பது பிள்ளைகளும் போக்குவரத்துக்குள் தனித்தனியாக ஓட்டிக்கொண்டு வரும்.

ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். ஊர் பெயர் வேண்டாம், எந்த ஊரிலும் நடக்கக் கூடியதுதான். ட்ரம்மை ஒட்டித் திரும்பும் இடத்தில் லாரி சிந்திவிட்டுப் போன எம்-சாண்ட் தார் மேல் ஒரு விரல் உயரத்துக்குக் கிடந்தது. வேகத்தோடு சாய்ந்து திரும்பிய பையனின் முன் சக்கரம் அதில் வழுக்கியது. இரண்டு உள்ளங்கையும் முழங்காலும் தாடையும் தோல் உரிந்துபோயின. பின்னால் வந்தவர்கள் விலகி ஓட்டிப் போய்விட்டார்கள், பந்தயத்தில் இருப்பவர்கள் மேல் குற்றமில்லை. ட்ரம்முக்குப் பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. எதிரே டீக்கடை வைத்திருந்த அக்கா ஓடி வந்து தூக்கி, பெஞ்சில் உட்கார வைத்து, சொம்புத் தண்ணீரில் மணலைக் கழுவி, காயத்தில் காப்பித்தூள் அப்பினார். பையனுக்கு அம்மாவின் எண் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அந்த அக்காவே தன் போனிலிருந்து கூப்பிட்டு, “பயப்படாதீங்கம்மா, பிள்ளை பேசுது, குடுக்கிறேன்” என்று சொன்னார். மேடைக்கு நாற்பதடி தூரத்தில் நின்றிருந்த அம்மாவுக்குத் தன் பிள்ளை விழுந்த சேதி அப்படித்தான் வந்தது. மேடையில் இருந்தவர்களுக்கு அம்மா போய்ச் சொன்ன பிறகுதான் தெரியும்.

விழுந்தவரை யாரும் பார்க்கவில்லை என்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை உலகம் அண்மையில் பார்த்தது. 2024 செப்டம்பர் 26 அன்று, சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் உலகச் சாம்பியன் போட்டியின் ஜூனியர் பெண்கள் சாலைப் பந்தயத்தில், அந்நாட்டின் 18 வயது வீராங்கனை முரியல் ஃபுரர் காட்டுப் பகுதியில் விழுந்தார். அவர் விழுந்ததை வெகுநேரம் யாரும் அறியவில்லை. மறுநாள் மருத்துவமனையில் இறந்துபோனார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பந்தயத்தில், எல்லா வசதியும் உள்ள ஒரு நாட்டில், ஒரு பெண் பிள்ளை விழுந்து கிடந்தது தெரியாமல் போயிருக்கிறது. நம் நெடுஞ்சாலை ஓரத்துக் கருவேலங்காட்டில் ஒரு பிள்ளை உருண்டு கிடந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்?

ஆகவே நாங்கள் கேட்பது இவை. பந்தயம் நடக்கும் நேரம் முழுவதும் அந்தப் பாதையில் மோட்டார் வாகனங்கள் வரக் கூடாது. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 115ஆம் பிரிவில், பொதுமக்களின் பாதுகாப்புக்காக ஒரு சாலையில் வாகனங்களைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் அரசுக்கும் அரசு அதிகாரமளித்த அலுவலருக்கும் அதிகாரம் தந்திருக்கிறது. தடை ஒரு மாதத்துக்கு மேற்படாவிட்டால் அரசிதழில்கூட வெளியிட வேண்டியதில்லை, உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். தேரோட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் போக்குவரத்தைத் திருப்பிவிடும் அனுபவம் நம் காவல்துறைக்கு நிறைய இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அந்த அனுபவத்தைப் பிள்ளைகளுக்காகச் செலவிடுங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்றும் உண்டு. போய்த் திரும்பும் பாதையையே விட்டுவிடுங்கள். இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். 10 கிலோமீட்டர் பந்தயத்துக்கு நான்கு சுற்று, 15க்கு ஆறு, 20க்கு எட்டு. எல்லாத் திருப்பமும் இடப்பக்கமாகவே இருக்கட்டும், எதிரெதிரே வரும் சிக்கல் தீர்ந்துவிடும். மூட வேண்டிய சாலை ஏழெட்டு கிலோமீட்டரிலிருந்து இரண்டரையாகக் குறையும். கூட்டிப் பெருக்க வேண்டிய மணலும் நிறுத்த வேண்டிய ஆட்களும் அந்த அளவுக்குக் குறையும். ஆட்சியர் அலுவலக வளாகத்தைச் சுற்றியுள்ள சாலைகள், பெரிய கல்லூரி வளாகங்கள், சிப்காட் உள்சாலைகள் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கு இடம் இருக்கும். வயதுப் பிரிவுகளைத் தனித்தனியாகக் கிளப்பி, சுற்றுப் பின்தங்கிய பிள்ளைகள் ஓரமாக ஓட்டுவதற்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டால் மோதலும் இராது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் ஊர்களில் ஊர்த் திருவிழாவோடு சேர்ந்து நடக்கும் கெர்மெஸ் பந்தயங்கள் காலங்காலமாக இப்படித்தான் ஊரையே சுற்றிச் சுற்றி நடக்கின்றன. வீட்டுத் திண்ணையிலிருந்தே ஒவ்வொரு சுற்றிலும் தங்கள் ஊர்ப் பையனைப் பார்க்கலாம். எங்களுக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிள்ளையின் முகம் தெரியும். அது வேடிக்கை பார்க்கும் ஆசை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு சுற்றில் வர வேண்டிய பிள்ளை வரவில்லை என்றால் முதலில் கவனிப்பது அம்மாவின் கண்தான்.

பாதை எதுவானாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஆள், அந்த ஆளுக்குத் தெரியும் தூரத்தில் அடுத்த ஆள் என்று நிறுத்துங்கள். என்.எஸ்.எஸ். மாணவர்கள், ஊர்க்காவல் படையினர் இருக்கிறார்கள். கடந்துபோகும் எண்களை அவர்கள் எழுதி, தொடங்கிய இடத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். 60 பேர் கிளம்பி 59 எண் வந்தால் அப்போதே தேடப் போக வேண்டும்.

மருத்துவம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் பந்தயத்தின் பின்னாலேயே வர வேண்டும், பந்தலுக்குப் பக்கத்தில் நிழலில் நின்றால் பயனில்லை. தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியதே 2008இல் ஓர் அண்ணா பிறந்தநாளில்தான், அண்ணாவின் பெயரில் நடக்கும் போட்டியில் ஓட்டும் பிள்ளைகளுக்கு அது கிடைக்காமல் போகக் கூடாது. 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தருகிறது. சைக்கிள் பந்தயத்தில் சாலையில் விழும் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று எழுத்தில் ஓர் ஆணை வேண்டும். மருத்துவமனை வாசலில் நின்று அதை வாதாட எங்களால் முடியாது.

தலைக்கவசம். 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் விழுந்து ஆந்திரேய் கிவிலெவ் என்ற கசகஸ்தான் வீரர் இறந்தார், அவர் தலைக்கவசம் போட்டிருக்கவில்லை. அதே ஆண்டில் உலக மிதிவண்டி அமைப்பு தொழில்முறைச் சாலைப் பந்தயங்களில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நம் பள்ளிப் பந்தயங்களில் இன்றும் பிள்ளைகள் வெறுந்தலையோடு நிற்கின்றன, அல்லது அப்பாவின் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அது கண்ணை மறைக்க மறைக்க ஓட்டுகின்றன. பைக் ஹெல்மெட் கனம், காற்றுப் புகாது, குனிந்து ஓட்டும் கழுத்துக்கு ஒத்துவராது. ஒவ்வொரு மாவட்ட விளையாட்டரங்கத்திலும் மூன்று அளவுகளில் சைக்கிள் ஹெல்மெட்டுகளை வாங்கி வையுங்கள். பந்தயத்தன்று காலையில் கொடுங்கள், முடிந்ததும் வாங்கித் துடைத்து அலமாரியில் வையுங்கள். கட்டாயம் என்று மட்டும் அறிவித்துவிட்டு வாங்கும் செலவை எங்கள் தலையில் போட்டால், போட்டிக்கு வரும் பிள்ளைகளில் பாதி நின்றுவிடும்.

நேரம். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஏழு மணிக்குள் பந்தயம் தொடங்க வேண்டும். சிறப்பு விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் வரிசையில் நிறுத்தாதீர்கள். சாப்பிடாமல் வந்திருக்கும் பிள்ளைகள் அவை. பந்தயத்துக்கு முன் வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது என்று விடிகாலை நாலு மணிக்கு ஒரு வாழைப்பழத்தோடு கிளம்பிய பிள்ளை, எட்டரை மணி வெயிலில் 20 கிலோமீட்டர் மிதிக்கத் தொடங்கினால் பாதியில் மயங்கும். குறித்த நேரத்தில் விருந்தினர் வராவிட்டால் அங்கிருக்கும் மூத்த உடற்கல்வி ஆசிரியர் கொடியசைக்கட்டும். விருந்தினர் வந்து பரிசு கொடுக்கலாம், அதற்கு நேரம் இருக்கிறது. தொடக்கக் கோட்டுக்கும் முடிவுக் கோட்டுக்கும் மேலே கட்டும் பிளெக்ஸ் வளைவுகளும் வேண்டாம். 2019இல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போனதை இந்த மாநிலம் மறந்திருக்காது. தரையில் ஒரு வெள்ளைக் கோடு போதும்.

அடுத்தது எங்களைப் பற்றியே நாங்கள் வைக்கும் கோரிக்கை. பந்தயத்தின் பின்னால் பைக்கில் வரும் குடும்பத்தாரையும் நண்பர்களையும் தடை செய்யுங்கள். பிள்ளைக்குப் பக்கத்திலேயே வண்டியை ஓட்டி, “மிதி, மிதி” என்று கத்தி, தண்ணீர் நீட்டி, வீடியோ எடுத்து வருவது மற்றப் பிள்ளைகளுக்கு ஆபத்து. முன்னால் ஒரு பைக் போனால் எதிர்க்காற்று குறைந்து அதன் பின்னால் வரும் பிள்ளைக்கு மிதிப்பது எளிதாகிவிடும், அது மற்றவருக்குச் செய்யும் அநியாயம். இந்தத் தடையை நாங்கள் முழு மனதோடு ஏற்கிறோம். மீறுகிறவர் வீட்டுப் பிள்ளையைப் போட்டியிலிருந்து நீக்குங்கள், நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம். பாதையில் முன்னால் ஒரு காவல் வண்டி, பின்னால் ஓர் ஆம்புலன்ஸ், அதற்கும் பின்னால் ஒரு வேன், இவை போதும். கட்சிக்கொடி கட்டிய காருக்கும் அங்கே வேலை இல்லை.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பைக்கில் பின்னால் போகிறவர்கள் பெரும்பாலும் பயத்தில் போகிறார்கள். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். எண்கள் வந்துசேரும் விவரத்தை மைக்கில் சொல்லுங்கள். நான்காவது கிலோமீட்டரில் முன்னால் போவது இந்த எண்கள், எல்லோரும் கடந்துவிட்டார்கள் என்று ஒரு குரல் சொன்னால் அங்கே நிற்கும் இருநூறு பேரும் மூச்சு விடுவார்கள். பாட்டை நிறுத்திவிட்டு அதைச் சொல்லுங்கள்.

எண் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறோம். காகிதத்தில் எழுதிய எண்ணை ஊக்கு வைத்து நெஞ்சில் குத்தி அனுப்புகிறீர்கள். சைக்கிளில் குனிந்து ஓட்டும் பிள்ளையின் நெஞ்சு யார் கண்ணுக்கும் படாது. முதுகில் கீழ்ப்பக்கம் குத்த வேண்டும், வியர்வையில் நனைந்தாலும் கிழியாத துணியில் அச்சிட வேண்டும். முடிவுக் கோட்டில் மூன்றாவது யார், நான்காவது யார் என்ற சண்டைகள் பாதிக்கு மேல் இதனாலேயே வருகின்றன. அண்ணா பிறந்தநாள் போட்டியில் மூன்றாம் பரிசு 2000 ரூபாய், நான்காவதிலிருந்து பத்தாவது வரை 250 ரூபாய். ஒரு சக்கர நீளத்தில் அந்த வித்தியாசம் முடிவாகிறது. முடிவுக் கோட்டை நேர் பக்கவாட்டிலிருந்து படம் பிடிக்க ஒரு கைபேசியை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தால் சண்டைக்கு இடமே இல்லை. கோட்டைத் தாண்டி நூறு மீட்டர் வரை இரு பக்கமும் கயிறு கட்டிக் கூட்டத்தை விலக்குங்கள். தலையைக் குனிந்து உயிரைக் கொடுத்து மிதித்து வரும் பிள்ளைக்கு எதிரே செல்போனை நீட்டிக்கொண்டு நிற்கும் ஆட்கள் தெரிய மாட்டார்கள்.

கடைசியாக வரும் பிள்ளைக்காகத் தனியாக ஒரு கோரிக்கை. பத்தாவது ஆள் வந்ததும் பரிசளிப்பு தொடங்கிவிடுகிறது, திருப்பத்தில் நின்றவர் ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார், போக்குவரத்தைத் திறந்துவிடுகிறார்கள். அப்போது ரோட்டில் இன்னும் பிள்ளைகள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் முதன்முறையாகப் பந்தயத்துக்கு வந்தவர்கள், சிலர் இரவல் சைக்கிளில் சீட்டு உயரம் பொருந்தாமல் மிதிக்கிறவர்கள். பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் 1910ஆம் ஆண்டிலேயே, ஓட்ட முடியாமல் பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ள எல்லோருக்கும் பின்னால் ஒரு வண்டி விட்டார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகாவது நம் மாவட்டப் பந்தயத்துக்கு ஒரு வேன் விடுங்கள். கடைசிப் பிள்ளையின் சக்கரம் கோட்டைத் தாண்டிய பிறகுதான் பந்தயம் முடிந்ததாக அறிவிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சாலை திறக்க வேண்டும், பரிசு மேடை அதற்கும் பிறகு. ஓட்டி முடித்த எல்லோருடைய எண்ணும் நேரமும் ஒரு தாளில் ஒட்டப்பட வேண்டும். 47ஆவதாக வந்த பிள்ளைக்கும் தான் எத்தனை நிமிடத்தில் வந்தோம் என்று தெரிய உரிமை இருக்கிறது. அடுத்த ஆண்டு அது போட்டி போடப்போவது அந்த நேரத்தோடுதான்.

பெண் பிள்ளைகளுக்காக: தொடங்கும் இடத்தில் பூட்டுள்ள, தண்ணீர் வரும் கழிப்பறையும் உடை மாற்ற ஓர் அறையும் வேண்டும். பாதையில் நிற்கும் ஆட்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ரோட்டோரத்தில் நின்று கேலி பேசுகிறவர்களைப் பிள்ளை தனியாகக் கடக்க வேண்டியிருக்கிறது, இதைச் சொல்லத் தயங்கியே பல அம்மாக்கள் அடுத்த ஆண்டு பெயர் கொடுக்காமல் விடுகிறார்கள். 15 கிலோமீட்டரை மூச்சிரைக்காமல் முடித்துவிட்டு, “இன்னும் அஞ்சு கிலோமீட்டர் ஏன் எங்களுக்குத் தரலை?” என்று கேட்கும் பெண் பிள்ளைகளும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். 15, 17 வயதுப் பிரிவுகளில் மாணவிகளுக்கும் 20 கிலோமீட்டர் கொடுங்கள்.

அண்ணா பிறந்தநாள் போட்டியில் 17 வயதோடு எல்லாம் முடிந்துபோகிறது. அதற்கு மேல் ஓட்ட ஆசைப்படும் பையனுக்கு ஊர்த் திருவிழாப் பந்தயம் இருக்கிறது, அங்கே ஹெல்மெட்டும் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை. பெண்ணுக்கு அதுவும் இல்லை. 17 வயதைக் கடந்தவர்களுக்கு, கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும், அதே சாதாரண சைக்கிளில் ஒரு பிரிவைச் சேர்த்துவிடுங்கள். திருவிழாக் குழுவினருக்கும் சொல்கிறோம்: அனுமதி கேட்டுக் காவல் நிலையத்துக்குப் போகும்போது, இந்தச் சாசனத்தில் உள்ள பாதுகாப்புகளை நிறைவேற்றுகிறோம் என்று எழுதிக் கொடுங்கள். ஊர்ப் பெரியவர்களை நம்பித்தான் நாங்கள் பிள்ளையை அனுப்புகிறோம்.

பரிசுத் தொகையைப் பற்றி ஒரே வரி. முதல் பரிசு 5000, இரண்டாம் பரிசு 3000, மூன்றாம் பரிசு 2000 என்பதை ஏற்றினால் மகிழ்ச்சி, ஏற்றாவிட்டாலும் பிள்ளைகள் வருவார்கள். ஆனால் டயரும் டியூபும் சேர்த்து வாங்கப் போதாத 250 ரூபாயை ஆறுதல் பரிசு என்று கொடுப்பதற்குப் பதில், பந்தயத்தன்று ஒரு சைக்கிள் மெக்கானிக்கைக் காற்றுப் பம்போடும் ஸ்பேனரோடும் பாதையில் உட்கார வையுங்கள். பஞ்சரான பிள்ளை அழுதுகொண்டே சைக்கிளைத் தள்ளி வருவது நிற்கும்.

இந்தச் சாசனத்தை எங்கள் மாவட்டங்களில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேரில் கொடுக்கிறோம். மறுமொழியை ஆகஸ்ட் 15க்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறோம், செப்டம்பர் பந்தயத்துக்கு முன் ஒரு மாதமாவது ஏற்பாட்டுக்கு வேண்டும். பாதையைப் பார்வையிட அலுவலர்கள் வரும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். எங்களில் சிலர் சைக்கிளிலேயே உடன் வருவோம். மணல் எங்கே சேர்கிறது, எந்த வேகத்தடைக்கு வெள்ளை அடிக்கவில்லை, எந்தச் சந்திலிருந்து வண்டிகள் பார்க்காமல் நுழைகின்றன என்று காட்டுவோம். ஆட்கள் போதாவிட்டால் பந்தயத்தன்று திருப்பத்தில் நின்று எண் எழுதவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
பந்தயத்தில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டிமார்